மழைக்கு முதலில் வழி, பிறகுதான் செடி

அன்று காலை வானொலியில் அந்த அறிவிப்பை வாசித்தது நான்தான். பகாங் மாநிலத்துக்குத் தொடர் மழை எச்சரிக்கை, ஆரஞ்சு நிலை. இரண்டு முறை வாசித்தேன். மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு பாடலையும் போட்டேன். 11 மணிக்கு நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தால் அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள்.

"மண்ணெல்லாம் இறங்கிடுச்சும்மா. கீழ்வீட்டு அடுப்படி வரைக்கும் போயிருச்சு."

கியா பார்ம் பக்கம் அம்மா குடியிருக்கும் வீட்டின் பின்னால் நான் போட்டுக்கொடுத்த காய்கறித் தோட்டம்தான் அப்படி இறங்கியது. இது நடந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளி முடிந்த மறுவாரம். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் கீழ்வீட்டு ஆண்டியின் சமையலறையில் கணுக்கால் அளவு சேறு. நடுவில் எங்கள் முட்டைக்கோஸ் நாற்றுகள் வேரோடு கிடந்தன. அம்மாவும் ஆண்டியும் மாலை வரை அள்ளினார்களாம். அன்று இரவு அம்மா மண்வெட்டியைக் கழுவி, மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, "இனிமே தோட்டமே வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தோட்டத்தை மறுபடியும் எப்படிப் போட்டோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆகஸ்டு முடியப் போகிறது. ஆண்டுக் கடைசி மழைக்கு முன் வீட்டுத் தோட்டம் போட நினைப்பவர்கள் இப்போதே திட்டமிட வேண்டும்.

குறுக்கே போடு என்றார் அம்மா

அம்மா தேயிலைத் தோட்டத்தில் 30 ஆண்டுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். லயன் வீட்டுக்குப் பின்னால் அவருக்கு எப்போதும் ஒரு துண்டு நிலம் இருந்தது. கீரை, பீன்ஸ், புதினா, கொத்தமல்லி எல்லாம் அங்கேதான். எங்கள் வீட்டில் அவற்றைக் காசு கொடுத்து வாங்கிய நினைவே எனக்கு இல்லை. ஓய்வு பெற்று, அப்பாவும் போன பிறகு, இந்த வீட்டின் பின்புறம் இருந்த சரிவைப் பார்த்து, "இங்க ரெண்டு பாத்தி போட்டா நல்லா இருக்கும்" என்றார்.

வார இறுதிகளில் கோலாலம்பூரிலிருந்து வந்து போட்டுக்கொடுத்தேன். 20 அடி அகலம், சரிவு நெடுக 12 அடி நீளம். இணையத்தில் பார்த்த ஒரு காணொளியில் பாத்திகளை அழகாக நெட்டுக்கு, மேலிருந்து கீழாக இழுத்திருந்தார்கள். நானும் அப்படியே இழுத்தேன். நின்று வேலை செய்யவும் அதுதான் வசதி. அம்மா பார்த்துவிட்டு, "குறுக்கே போடும்மா" என்றார். "இப்படியே இருக்கட்டும்மா, தண்ணி சீக்கிரம் வடிஞ்சிடும்" என்று நான்தான் சொன்னேன்.

தண்ணீர் சீக்கிரம்தான் வடிந்தது, மண்ணையும் சேர்த்துக்கொண்டு. பாத்திக்குப் பாத்தி நான் விட்டிருந்த ஐந்து இடைவெளிகளும் ஐந்து ஓடைகளாகிவிட்டன.

அம்மா சொன்னதற்குக் காரணம் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் வடிகால் மலைச்சரிவுக்குக் குறுக்கேதான் ஓடும். ஓடி வரும் தண்ணீரின் வேகத்தைக் குறுக்கு வாய்க்கால் உடைக்கும். ஆங்காங்கே இருக்கும் குழிகளில் மண் தங்கும். தேயிலைச் செடிகளும் நெருங்கி வளர்ந்து நிலத்தை மூடியிருப்பதால் மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மலையில் நம்மவர்கள் செய்துவந்த வேலை இது. பட்டப்படிப்பு முடித்த பிள்ளைக்கு அது தெரியவில்லை.

கியா பார்மும் மழையும்

கேமரன்மலைக்குச் சுற்றுலா போனவர்களுக்குக் கியா பார்ம் தெரிந்திருக்கும். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில், வார இறுதியில் வாகனங்கள் நகராமல் நிற்குமே, அந்தக் காய்கறிச் சந்தைதான். சோளம், தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, வாட்டர்கிரெஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் சாலையோரத்தில் குவிந்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். பகலில் 25 பாகையைத் தாண்டுவது அரிது. இரவில் 15 பாகை வரை இறங்கும். முட்டைக்கோஸ், கேரட், லெட்டூஸ், பட்டாணி போன்ற குளிர்ப் பயிர்களுக்கு ஏற்ற இடம்.

சிக்கல் மழைதான். கேமரன்மலையில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. அதிலும் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபர், நவம்பரில் இன்னொரு முறையும் உச்சம் தொடும். இந்த இரண்டாவது உச்சம்தான் கடுமை. ஜனவரி, பிப்ரவரியில் சற்று ஓயும்.

இங்கே மண் சரிவது விளையாட்டு அல்ல. 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் பெர்த்தாம் வேலியில் புகுந்து உயிர்களைப் பறித்தது. மேலே உள்ள சரிவுகளிலிருந்து வரும் மண் அந்த நீர்த்தேக்கத்தில் சேர்வது நெடுங்காலப் பிரச்சினை. 2024 ஜனவரி 26ஆம் தேதி கம்போங் ராஜா, புளூ வேலி பகுதியில் நடந்த நிலச்சரிவில் மியன்மார் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய தோட்டங்களின் அளவுக்கு முன்னால் எங்கள் 240 சதுர அடி ஒன்றுமே இல்லைதான். ஆனால் ஒரு வீட்டு அடுப்படியை நிரப்ப அது போதுமாக இருந்தது.

இலையுதிர் காலம் இல்லாத ஊரில்

குளிர்நாடுகளில் இலையுதிர் காலத் தோட்டம் என்று ஒன்று போடுவார்கள். கோடை முடியும் நேரத்தில் விதைத்து, முதல் உறைபனி விழுவதற்கு முன் அறுவடை செய்வது. அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முதல் பனி விழும் நாளைக் குறித்துக்கொண்டு, பயிர் விளைய ஆகும் நாள்களை அதிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். பகல் பொழுது குறுகிக்கொண்டே வருவதால் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்வார்கள். அப்படிக் கிடைக்கும் நாளில் விதைப்பார்கள்.

நம்மிடமும் இந்தப் பின்னோக்கிய கணக்கு உண்டு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது சமவெளிக்கான பழமொழி. நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுபவர்கள் ஆண்டை மூன்று போகமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜனவரி, பிப்ரவரியில் நீர்ப்போகம். ஏப்ரல், மே மாதங்களில் கார்போகம். ஆகஸ்டு, செப்டம்பரில் கடைபோகம். அந்தக் கடைபோகம்தான் நம் மலைகளின் இலையுதிர் காலத் தோட்டம் என்று சொல்லலாம்.

கியா பார்மில் பனி உறைவதில்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பகல் பொழுதும் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் நவம்பர், டிசம்பரில் மேகமும் மூடுபனியும் வெயிலை மறைப்பதால் செடிகள் மெதுவாக வளரும். அதனால் விதை உறையில் போட்டிருக்கும் நாள்களோடு பத்து நாளாவது சேர்த்துக்கொள்வது நல்லது.

பின்னோக்கி எண்ண ஒரு முடிவு நாள் வேண்டுமே? நாங்கள் பொங்கலை வைத்துக்கொண்டோம். பொங்கலன்று சமைக்கும் காயில் பாதியாவது அம்மாவின் தோட்டத்திலிருந்து வர வேண்டும். கியா பார்ம் விவசாயிகள் பலருக்குச் சீனப் புத்தாண்டுச் சந்தை முடிவு நாள். உங்களுக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குடை, பிறகு மண்வெட்டி

அம்மாவைத் திரும்பத் தோட்டத்துக்குள் இறக்கியது நான் இல்லை. சந்தையில் அவர் வழக்கமாகக் காய் வாங்கும் சீன விவசாயி ஒருவர். அம்மா அவரைத் தவுக்கே என்று கூப்பிடுவார். நடந்ததைக் கேள்விப்பட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். சரிவை மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, பாசார் மலாயில் அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு இங்கே வந்து நில். தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பார். அதுவரை ஒன்றும் நடாதே."

அம்மா நின்றார். ஒரு முறை நானும் கூட நின்றேன். 20 நிமிடத்தில் தெரிந்தது. எங்கள் தோட்டத்தில் விழும் மழை பாதிதான். மீதி, எங்கள் வீட்டுக் கூரையிலிருந்தும் மேலே உள்ள சிமெண்டுத் தரையிலிருந்தும் வருகிறது. நான் தோட்டம் போட்டபோது அதை எண்ணிப்பார்க்கவே இல்லை.

இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் தோட்டம் ஏறத்தாழ 22 சதுர மீட்டர். ஒரு பலத்த மழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 1,100 லிட்டர். கூரைத் தண்ணீர் தனி. இவ்வளவும் ஒரே மாலையில் எங்கேயாவது போக வேண்டும். அதற்கு நீங்கள் வழி காட்டாவிட்டால் அதுவே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்.

பிறகு செய்தவை இவைதான்.

தோட்டத்தின் மேல் விளிம்பில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினோம். மேலிருந்து வரும் தண்ணீர் தோட்டத்துக்குள் நுழையாமல் பக்கத்தில் உள்ள சிமெண்டுக் கால்வாய்க்குப் போய்விடும்.

பாத்திகளைக் குறுக்கே மூன்றாகப் போட்டோம். ஒவ்வொன்றும் 20 அடி நீளம், 3 அடி அகலம். இடையில் ஓரடி வாய்க்கால். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். வாய்க்கால் முழு மட்டமாக இருந்தால் தண்ணீர் தேங்கி உடைத்துக்கொண்டு போகும். ஆகவே 20 அடிக்கு இரண்டு, மூன்று அங்குலம் மட்டும் சாய்வு கொடுத்தோம்.

ஒவ்வொரு வாய்க்கால் முனையிலும் ஓரடி ஆழத்தில் ஒரு குழி. மண் அதில் படியும், தண்ணீர் மேலே வழிந்து போகும். மழை விட்டதும் அந்த மண்ணை அள்ளித் திரும்பப் பாத்தியில் போடுவது அம்மாவின் வேலை. "என் மண்ணு எனக்கே" என்பார்.

கீழ் விளிம்பில் வெட்டிவேரும் செரையும் நெருக்கமாக நட்டோம். வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் பரவாமல் ஆழமாக இறங்கும். மண்ணைப் பிடித்து நிறுத்த உலகில் பல இடங்களில் மலைச்சாலை ஓரங்களில் அதை நடுகிறார்கள். செரை அந்த அளவுக்கு இல்லை என்றாலும் ரசத்துக்கும் தேநீருக்கும் ஆகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இதெல்லாம் மிதமான சரிவுக்குத்தான். வீட்டின் பின்னால் செங்குத்தான மேடு இருந்தால் அதை வெட்டிப் பாத்தி போடாதீர்கள். தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள். மண்ணில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலோ, மரமோ வேலிக் கம்பமோ சாய்ந்தாலோ, சுவரடியில் கலங்கிய நீர் கசிந்தாலோ, காயை விடுங்கள். முதலில் வீட்டை விட்டு வெளியேறி, மாவட்ட மன்றத்துக்கும் தீயணைப்பு மீட்புத் துறைக்கும் தகவல் சொல்லுங்கள்.

கூரையும் ஒரு நிலம்தான்

கேமரன்மலையில் எங்கு பார்த்தாலும் நெகிழிக் கூரைகள். பலர் குளிருக்காகப் போட்டது என்று நினைக்கிறார்கள். முக்கியமாக அது மழைக்குத்தான். கனத்த மழைத்துளி தரையில் மோதும்போது மண்ணைத் தெறிக்கவைக்கும். அந்த மண்ணோடு பூஞ்சைகளும் இலையில் ஒட்டும். இலை நாள் முழுவதும் நனைந்தே இருந்தால் தக்காளிக்குக் கருகல் நோய் இரண்டு மூன்று நாளில் பரவிவிடும். கூரை போட்டால் இலை காய்ந்திருக்கும்.

நாங்கள் மேலிரண்டு பாத்திகளுக்கு மட்டும் பிவிசி குழாயை வளைத்து, புற ஊதாக் கதிரைத் தாங்கும் நெகிழித் தாள் போர்த்தினோம். பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். மூடிவிட்டால் உள்ளே ஈரம் தங்கி, எதற்காகக் கூரை போட்டோமோ அந்த நோயே வரும். ஆள் குனிந்து போகும் உயரம் போதும். அதற்கு மேல் என்றால் மலைக்காற்று தூக்கிவிடும்.

ஆனால் கூரை போட்டதும் கணக்கு மாறும். மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழை கூரை விளிம்பில் ஒரே கோடாகக் கொட்டும். எங்கள் சின்னக் கூரை ஏறத்தாழ 13 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 650 லிட்டர். கீழே தகரப் பீலி வைத்து மூன்று 200 லிட்டர் பீப்பாய்களுக்கு விட்டோம். நிரம்பி வழிவது குழாய் வழியே நேராகக் கால்வாய்க்குப் போகும். பீப்பாய்க்குக் கொசு வலை கட்டாயம். இல்லாவிட்டால் காய்க்கு முன் டிங்கி கொசு விளைந்துவிடும்.

தேயிலைக்குப் பிடித்த மண், கோஸுக்குப் பிடிக்காது

இங்குள்ள மண் புளிப்புத் தன்மை கொண்டது. தேயிலைக்கு அதுதான் வேண்டும். கார அமில அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலை நன்றாக வரும். முட்டைக்கோஸ் குடும்பத்துக்கோ 6க்கு மேல், 7க்கு அருகில் இருக்க வேண்டும். புளிப்பு மண்ணில் கோஸ் போட்டால் வேர்முடிச்சு நோய் தேடி வரும். வேர் தடித்துக் கட்டிகட்டியாகி, வெயில் நேரத்தில் செடி வாடும். ஒரு முறை வந்தால் அந்த நோய்க்கிருமி பல ஆண்டுகள் மண்ணிலேயே இருக்கும்.

அதனால் ஆகஸ்டுக் கடைசியில் வேளாண் சுண்ணாம்பு அல்லது டோலமைட் போட வேண்டும். விதைக் கடையில் கிடைக்கும் எளிய கருவியால் மண்ணைச் சோதித்துவிட்டுப் போடுவது நல்லது. நாங்கள் சதுர மீட்டருக்கு 200 கிராம் போட்டோம். மூன்று பாத்திக்கும் சேர்த்து மூன்று கிலோவுக்குச் சற்று மேல். மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று வாரம் விட்ட பிறகே எருவைப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எருவில் உள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

எரு மக்கியதாக இருக்கட்டும். பச்சைக் கோழி எருவைப் போட்டால் ஈ மொய்க்கும். மழையில் கரைந்து கீழே உள்ளவர்களின் கால்வாய்க்குத்தான் போகும்.

எதை எப்போது?

எங்கள் அட்டவணை இது. முடிவு நாள் பொங்கல், ஜனவரி நடுப்பகுதி.

முட்டைக்கோஸ்: செப்டம்பர் முதல் வாரத்தில் நாற்றுத் தட்டில் விதை. நான்கைந்து வாரத்தில், அக்டோபர் தொடக்கத்தில் நடவு. நட்டதிலிருந்து 80 முதல் 100 நாளில் கோஸ் இறுகும். செடிக்குச் செடி ஒன்றரை அடி.

கேரட்: செப்டம்பர் கடைசியில் நேரடியாகப் பாத்தியில். 100 முதல் 110 நாள். பிடுங்கி நட்டால் கிழங்கு கோணலாகும். விதை மிகச் சிறியது. கூரை இல்லாத பாத்தியில் ஒரே மழையில் அடித்துப்போய்விடும்.

பட்டாணி: அக்டோபர் நடுவில். 60 முதல் 75 நாளில் காய். படர வலை கட்ட வேண்டும்.

லெட்டூஸ்: செப்டம்பரிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்துப் பத்துச் செடியாக. 45 முதல் 60 நாள். ஒரே நாளில் நட்டால் ஒரே நாளில் முற்றும். பிறகு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பகிர வேண்டியதுதான்.

முள்ளங்கி: சிறிய வகை 30 நாள், நீள வெள்ளை வகை 50, 60 நாள்.

வெந்தயக் கீரை: 25 முதல் 30 நாள். முதன்முதலாகத் தோட்டம் போடுபவர்கள் இதில் தொடங்குங்கள். மழை கெடுத்தாலும் நட்டம் ஒரு கைப்பிடி வெந்தயம்தான்.

உருளைக்கிழங்கையும் கூரையில்லாத தக்காளியையும் இந்தப் பருவத்தில் நாங்கள் தொடுவதில்லை. கருகல் நோயோடு மல்லுக்கட்ட அம்மாவுக்கு மனமில்லை.

மணத்துக்கு நாலு செடி

கொத்தமல்லிக்கு இந்தக் குளிர் வரம். சமவெளிச் சூட்டில் சீக்கிரமே பூத்துவிடும் செடி இங்கே நிதானமாகத் தழைக்கும். மளிகைக் கடை மல்லியையே லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைக்கும். 40, 50 நாளில் கிள்ளலாம்.

புதினாவைத் தொட்டியிலேயே வையுங்கள். தரையில் விட்டால் பாத்தியைப் பிடித்துக்கொள்ளும். வெங்காயத் தாளுக்கு, சமையலில் வெட்டிய அடிப்பகுதியை ஊன்றினாலே போதும். சூப்புக்குப் போடும் செலரி இலை மழையில் சலித்துக்கொள்ளாமல் வளரும்.

ரோஸ்மேரி, தைம், லாவெண்டர் ஆகியவை குளிரை விரும்பும், ஆனால் வேரில் ஈரம் நின்றால் அழுகும். மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, தொட்டியில், கூரை ஓரத்தில் வைக்க வேண்டும். கறிவேப்பிலை இந்தக் குளிரில் வளர்வேனா என்று அடம் பிடிக்கும். எங்கள் செடி இரண்டு ஆண்டில் முழங்கால் உயரம்தான் வந்திருக்கிறது. அம்மா அதற்குத் தினமும் மோர் ஊற்றிக் கெஞ்சுகிறார்.

பூச்சியும் ஒரு குளவியும்

மலையில் கோஸ் போடுபவர்களின் பரம எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. மருந்து அடிக்க அடிக்க அதற்கே பழகிக்கொள்ளும் பூச்சி அது. கேமரன்மலையில் அதைக் கட்டுப்படுத்த 1970களில் வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு குளவி இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி, புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும். இங்கே அது நிலைத்தும்விட்டது. வீட்டுத் தோட்டத்தில் எடுத்ததற்கெல்லாம் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

மழைக்காலத்தில் இந்தப் புழு சற்றுக் குறைவாகவே இருக்கும். கனத்த மழை அதைக் கழுவிவிடும். அப்போது வருவது நத்தை. இரவில் கைவிளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து இல்லை. அம்மா நத்தை பொறுக்கும் நேரம் இரவு எட்டரை, தொடர் நாடகம் முடிந்த பிறகு. வெறுங்கையால் தொடாதீர்கள். கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் அக்டோபர், நவம்பர் மழை மாதங்கள்தான். முட்டைக்கோஸும் கேரட்டும் அந்தச் சூட்டுக்குச் சரிவராது. கங்கோங், சாவி, முளைக்கீரை, வெண்டை போடுங்கள். அடுக்குமாடி வராந்தாவில் தொட்டி வைப்பவர்கள், தொட்டியின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன் பாருங்கள். தண்ணீர் வழிந்து கீழ்மாடிக்காரர் துணியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் இருந்தாலும் மாடியில் இருந்தாலும் நமக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது.

முதல் கட்டு யாருக்கு?

மண் இறங்கிய பிறகு அம்மா கீழ்வீட்டு ஆண்டியைப் பார்ப்பதையே தவிர்த்தார். ஆண்டி ஒரு சொல்கூடக் குறைசொல்லவில்லை. அதுதான் அம்மாவை இன்னும் வருத்தியது. கோயிலில் எதிரே வந்தால்கூட வேறு பக்கம் போய்விடுவார். தவறு செய்தவள் நான், தலை குனிந்தது அம்மா.

கடந்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் தோட்டம் போட முடிவு செய்தபோது, மண்வெட்டியை எடுப்பதற்கு முன் நாங்கள் இருவரும் ஆண்டி வீட்டுக்குப் போனோம். வாய்க்கால் எங்கே வரும், தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு தாளில் வரைந்து காட்டினேன். முதல் முறையே அதைச் செய்திருக்க வேண்டும். ஆண்டி தாளைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, அந்த ஓரத்துல எனக்கும் ரெண்டு செரை நட்டு வையுங்க" என்றார்.

அக்டோபர் கடைசியில் வழக்கம்போல் மழை வந்தது. எச்சரிக்கையை நான்தான் வானொலியில் வாசித்தேன். இந்த முறை பாடல் ஓடும் நேரத்திலேயே அம்மாவுக்கு அழைத்தேன். குடையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். "குழி ரொம்பிடுச்சு. ஆனா தண்ணி தெளிவாத்தான் போகுது" என்றார். மழை ஓசையில் பாதிதான் கேட்டது.

கேரட் பாதி கோணல். பட்டாணியை ஏதோ பறவை தின்றது. முட்டைக்கோஸ் 18 நட்டதில் 13 தேறியது. முதல் வெந்தயக் கீரைக் கட்டு கீழ்வீட்டுக்குப் போனது. பொங்கலன்று ஆண்டி வீட்டிலிருந்து எங்களுக்கு முட்டைக்கோஸ் பொரியல் வந்தது, எங்கள் தோட்டத்துக் கோஸ்.

போன சனிக்கிழமை மலைக்குப் போனபோது மண்வெட்டி மாடிப்படிக்கு அடியில் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால், அம்மா மேல் வாய்க்காலைத் தூர்வாரிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு மூட்டை வாங்கி வைத்தாகிவிட்டது. நாற்றுத் தட்டை மட்டும் நான் கழுவிக் கொடுக்க வேண்டுமாம்.